‘சித்தமானால்’: கூலிம் தோட்டப்புறத்தில் ஒரு கிறிஸ்தவத் தொடரின் வரலாறு

கூலிம், லூனாஸ், பாடாங் செராய், காராங்கான் வட்டாரத்தில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ வீட்டுத் திருமண அழைப்பிதழைக் கையில் எடுத்தால், மணமக்கள் பெயருக்கும் தேதிக்கும் அருகில் பெரும்பாலும் ஒரு தொடர் நிற்கும்: ‘கர்த்தருக்குச் சித்தமானால்’. சில வீடுகளில் ‘தேவ சித்தமானால்’. கத்தோலிக்கக் குடும்பமானால் ‘இறைவனின் திருவுளப்படி’. அச்சகத்தில் அது மாதிரிப் படிவத்தின் ஒரு வரி. படிப்பவர்களின் கண் அதைத் தாண்டித் தேதிக்குப் போய்விடுகிறது. அந்த வரி இங்கே வந்து சேர்ந்த வழியைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் வேலை. அதற்குக் காரணம் ஒன்று உண்டு. இந்தத் தொடர் பிறந்த இடத்தில் அது வணிகர்களுக்குச் சொல்லப்பட்டது. கெடாவில் அதைச் சொன்னவர்களில் மிகப் பலர் பால்மரம் வெட்டியவர்கள். நாளைக்கு எங்கே போவது, என்ன செய்வது என்ற திட்டம் உள்ளவனிடம் ‘அதைக் கடவுளிடம் ஒப்புவி’ என்று சொல்லலாம். விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, எந்த நிரையில் வெட்டுவது என்பதைக்கூடப் பிறர் சொல்லக் கேட்டவன் எதை ஒப்புவிப்பான்?

மூலத்திலிருந்து தொடங்குவோம். புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபம், 4ஆம் அதிகாரம், 13 முதல் 16 வரையுள்ள வசனங்கள். இன்றோ நாளையோ இன்ன நகரத்துக்குப் போய், ஒரு வருஷம் தங்கி, வியாபாரம் செய்து லாபம் பார்ப்போம் என்று பேசுகிறவர்களை யாக்கோபு நிறுத்தி வைத்துக் கேட்கிறார். நாளை நடப்பது உங்களுக்குத் தெரியாது, உங்கள் உயிர் சற்றுநேரம் தோன்றி மறையும் புகை போன்றது என்கிறார். ஆண்டவர் விரும்பினால் உயிரோடிருந்து இதையோ அதையோ செய்வோம் என்று சொல்லும்படி கற்பிக்கிறார். அவர் கண்டிப்பது திட்டத்தை அல்ல. திட்டம் போடுகிறவனின் வீம்பை. பவுலும் அப்படித்தான் பேசினார். எபேசுவை விட்டுப் புறப்படும்போது தேவன் விரும்பினால் திரும்பி வருவதாகச் சொன்னார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்திலும் பயணத் திட்டத்தைச் சொன்ன கையோடு இதே நிபந்தனையைச் சேர்க்கிறார். திட்டமே இல்லாத இடத்தில் அந்த நிபந்தனைக்கு வேலை இல்லை.

இப்படிப் பேசுவது கிறிஸ்தவர்களின் தனிச்சொத்தாக இருந்ததும் இல்லை. கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் கார்த்தேஜில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், கிறிஸ்தவரல்லாத சாதாரண ஜனங்களே ‘கடவுள் விரும்பினால்’ என்று பேச்சுவாக்கில் சொல்வதைச் சுட்டிக்காட்டி, மனித ஆன்மா தன்னையறியாமலே ஒரே கடவுளுக்குச் சாட்சி சொல்கிறது என்று வாதிட்டார். நாளை இதைச் செய்வேன் என்று இறைவன் நாட்டத்தைச் சேர்க்காமல் சொல்லாதே என்ற கட்டளை குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்திலும் இருக்கிறது. கூலிம் சந்தையில் மலாய்க்காரரும் தமிழ் முஸ்லிமும் சொல்லும் ‘இன்ஷா அல்லாஹ்’ அங்கிருந்து வருவது. தோட்டத்துத் தமிழ்க் கிறிஸ்தவர் தம் தொடரை இந்த ஓசைகளுக்கு நடுவேதான் சொல்லிப் பழகினார்.

யாக்கோபு நிருபத்தைப் பற்றி இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். அது இந்த ஆய்வின் நடுநரம்பு. வணிகரை நோக்கிய பேச்சு கிரேக்கத்தில் எந்த இரண்டு சொற்களோடு தொடங்குகிறதோ, அதே இரண்டு சொற்களோடுதான் 5ஆம் அதிகாரமும் தொடங்குகிறது. அங்கே பேசப்படுகிறவர்கள் நிலமுள்ள செல்வர்கள். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் கடவுளின் காதுக்கு எட்டிவிட்டது என்று யாக்கோபு எழுதுகிறார். மூல நிருபத்தில் அதிகாரப் பிரிவு கிடையாது; இன்று நாம் பின்பற்றும் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்தேவான் லாங்டன் ஏற்படுத்தியதாகக் கொள்ளப்படுவது. அந்தக் கோடு விழுந்த பிறகு, திட்டங்களைத் தாழ்மையோடு ஒப்புவிப்பது ஒரு பிரசங்கமாகவும், பிடித்துவைத்த கூலி இன்னொரு பிரசங்கமாகவும் பிரிந்துபோயின. யாக்கோபுக்கு அவை ஒரே மூச்சு. கடவுளின் விருப்பத்துக்குப் பணி என்று சொல்லும் வாய்தான் கூலிக்காரனின் குரலைக் கடவுள் கேட்கிறார் என்றும் சொல்கிறது.

சொல் தமிழுக்கு வந்த விதம்

மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவருடைய புதிய ஏற்பாடு 1714-15இல் அச்சேறியது. சென்னை வேப்பேரியில் இருந்த பப்ரிசியஸ் அதைத் திருத்தி, 1772இல் தம் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். ரேனியஸின் மொழிபெயர்ப்பு திருநெல்வேலியில் வழங்கியது. பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல்தான் மலாயாவுக்குக் கப்பலேறிய சீர்திருத்தச் சபையாரின் பெட்டிகளில் இருந்த வேதப்புத்தகம். அதில் நிலைபெற்ற சொல் ‘சித்தம்’.

இவர்களில் பப்ரிசியஸின் வாழ்க்கையை நினைக்காமல் இந்த வசனத்தைப் படிக்க என்னால் முடிவதில்லை. மற்றவர்கள் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து, அது திரும்பாமல், முதுமையில் கடனுக்காகச் சிறைப்பட்டு, 1791இல் அவர் இறந்தார். லாபக் கணக்கு போடுகிறவர்களை எச்சரிக்கும் வசனத்தைத் தமிழில் செப்பனிட்ட கை அது. அவருடைய பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது அவர் இறந்த பின், 1796இல்.

சித்தம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வடமொழியில் அது மனம், எண்ணம். சைவ சித்தாந்தம் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்று எண்ணும் அந்தக்கரணங்களில் ஒன்று. தமிழ் எழுத்தில் இன்னொரு வடசொல்லும் இதனோடு கலந்துவிட்டது: ஆயத்தம், நிறைவேறியது என்ற பொருளுள்ள சித்தம். ‘பயணத்துக்குச் சித்தமானான்’ என்கிறோமே, அது. ஆகவே தமிழ்க் காதுக்கு ‘சித்தமானால்’ என்பதில் விருப்பமும் கேட்கிறது, ஆயத்தமும் கேட்கிறது. இலக்கண அமைப்பும் கவனிக்கத்தக்கது. கிரேக்கத்தில் ஆண்டவர் எழுவாய், விரும்புதல் வினை. தமிழில் ஆண்டவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். எனக்குப் பசிக்கிறது, அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பது போன்ற அமைப்பு. அதில் கட்டளையின் கடுமை குறைவு. ஒருவரின் உள்ளம் கனிவதற்குக் காத்திருக்கும் தொனி அதிகம்.

ஆனால் அந்தக் காத்திருப்பு கடவுளிடம் மட்டும் நடந்ததில்லை. ‘உங்கள் சித்தம் என் பாக்கியம்’ என்பது பெரிய மனிதர் முன் கைகட்டி நிற்பவன் சொன்ன சொல். மன்னரின் எண்ணமும் சித்தம்தான். இந்தச் சொல்லின் மேல் சமூகப் படிநிலையின் நிழல் முதலிலிருந்தே விழுந்திருந்தது. கத்தோலிக்கர் பழைய கர்த்தர் கற்பித்த செபத்தில் சித்தம் என்றே சொல்லிவந்து, பின்னர் ‘திருவுளம்’ என்பதற்கு மாறினார்கள். 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அதை உறுதியாக்கியது. திருவுளம் தமிழுக்கு அந்நியமல்ல. கோயிலில் திருவுளச்சீட்டு போட்டுப் பார்ப்பதை அறிந்தவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கப்பலும் தோட்டமும்

1909 வரை கெடா சயாமின் மேலாண்மையில் இருந்தது. அந்த ஆண்டின் பாங்காக் ஒப்பந்தத்தால் பிரிட்டிஷ் செல்வாக்குக்குள் வந்தது. ரப்பர் விரிந்த காலம் அது. கங்காணி ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார். நாகப்பட்டினத்தில் கப்பல், பினாங்கில் இறக்கம், அங்கிருந்து புரோவின்ஸ் வெல்லெஸ்லி வழியாகக் கூலிம் தோட்டங்கள். ‘ரஜூலா’ கப்பலின் பெயர் இன்னும் முதியவர் நாவில் இருக்கிறது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு தடுத்தது. இடைப்பட்ட 28 ஆண்டுகளில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய கூலிம் சபைகளின் முதியவர்கள்.

வந்த கிறிஸ்தவர்கள் ஒரே வகையினரல்ல. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் படித்து வந்தவர்கள் ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வேலையிலும் அமர்ந்தார்கள். ஆங்கிலக் கடிதங்களில் ‘கடவுள் விரும்பினால்’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கமான ‘டி.வி.’ என்ற இரண்டு எழுத்தைப் போடும் விக்டோரிய காலப் பழக்கம் இந்தப் படிப்போடு வந்தது. சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம், ஊரில் கட்டப்போகும் வீடு என்று அவர்களுக்கு நாளைகள் இருந்தன. யாக்கோபின் வணிகர்களுக்கு அவர்களே நெருக்கமானவர்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்களின் நிலை வேறு. வேலை போனால் வீடும் போகும். மழை பெய்தால் வெட்டு இல்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது கூலி குறைந்தது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் நாளையை முடிவு செய்தவை லண்டன் சந்தையும் தோட்டத் துரையின் பங்களாவும்.

இங்கேதான் சித்தம் என்ற சொல்லின் ஆபத்து. எல்லாவற்றையும் ‘தலையெழுத்து’ என்று சொல்லிப் பழகிய தோட்டத்தில், தேவசித்தம் என்பது தலையெழுத்தின் கிறிஸ்தவப் பெயராகச் சுருங்குவது எளிது. குறைக்கப்பட்ட கூலியும் சித்தம், மருந்தில்லாமல் செத்த பிள்ளையும் சித்தம் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போக முடியும். வேதம் அதற்கு இடம் தரவில்லை என்பதே என் முடிவு. ஊழுக்குக் காது கிடையாது. சித்தத்துக்கு உரியவர் கேட்கிறவர். கெத்செமனேயில் இயேசு முதலில் தம் விருப்பத்தை, இந்தப் பாத்திரம் நீங்க வேண்டும் என்பதை, வாய்விட்டுச் சொல்கிறார்; அதன் பிறகுதான் பிதாவின் சித்தத்துக்கு விடுகிறார். விருப்பத்தைச் சொல்லும் உரிமை பணிவுக்கு முந்தியது.

அந்தக் கோணத்தில் அழைப்பிதழை மறுபடி பார்க்கலாம். தேதி, கிழமை, நேரம், ஆலயம், விருந்து நடக்கும் இடம்: ஒரு தொழிலாளிக் குடும்பம் தன் பெயரில் அச்சிட்டு ஊருக்கு அறிவிக்கும் முழுமையான திட்டம் அது. அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பதையும் அதே தாள் சொல்கிறது: கர்த்தருக்கு. கங்காணியின் பெயரோ துரையின் பெயரோ அந்த இடத்தில் வரவில்லை. ‘உங்கள் சித்தம் என் பாக்கியம்’ என்று மனிதர்களிடம் சொல்லப் பழக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், அந்தச் சொல்லை ஒரே ஒருவருக்கென்று மீட்டுக்கொண்டார்கள். இதை எழுதிவைத்த சாட்சியம் எதிலிருந்தும் நான் எடுக்கவில்லை. தொடரின் இடத்தையும் அமைப்பையும் கொண்டு செய்யும் வாசிப்பு இது. ஆனாலும் இதில் எனக்கு உறுதி உண்டு.

போருக்குப் பின்

சயாம் மரண ரயில் பாதைக்கு 1942-43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. 1943இல் ஜப்பானியர் கெடாவையே சயாமின் கையில் கொடுத்தார்கள். அந்த ஆண்டுகளைக் கடவுளின் சித்தம் என்று எழுத என் கை வராது.

போர் முடிந்ததும் தொழிலாளிகள் தாங்களே திட்டமிடத் தொடங்கினார்கள். பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை 1946-47இல் கள்ளுக்கடையை எதிர்த்து நின்றது. இதை எண்ணும்போது, வெஸ்லி பிரசங்கித்த கிங்ஸ்வுட் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் அந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளிகள் 1740ஐ ஒட்டி, சாராயக் கடையில் கழித்த இரவுகளை ஜெபத்தில் கழிக்கத் தொடங்கினார்கள். மெதடிஸ்டுகளின் விழிப்பிரவு ஆராதனை அதிலிருந்து வளர்ந்தது. தொண்டர் படை கிறிஸ்தவ இயக்கமல்ல. ஆனால் நாளைய வாழ்வைத் தானே வடிவமைக்கலாம் என்ற எண்ணம் தொழிலாளியிடம் முளைக்கும்போதுதான், அதைக் கடவுளிடம் ஒப்புவிப்பது என்ற பேச்சுக்கு உள்ளீடு வருகிறது.

1950களிலும் 60களிலும் தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்கும் தோட்டத் துண்டாடல் வந்தது. அதற்கு எதிராக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் அது முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். இந்துவும் கிறிஸ்தவரும் சேர்ந்து கட்டிய பங்கு. 1969க்குப் பிறகு வேலை அனுமதிச் சட்டத்தால் குடியுரிமையற்றவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேற நேர்ந்தது. ஒரே குடும்பம் இரண்டு கரையில் பிரிந்தது. ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலைக்குப் போனார்கள், வீட்டுக் கடன் எடுத்தார்கள், 30 ஆண்டுத் தவணை கட்டினார்கள். இப்போதுதான் அவர்கள் யாக்கோபின் வணிகர்களைப் போல, இன்ன நகரம், இன்ன வருஷம், இன்ன லாபம் என்று பேசத் தொடங்கினார்கள்.

இதே காலத்தில் வேறொரு மாற்றமும் சபைகளுக்குள் புகுந்தது. அமெரிக்காவில் போதகர் கென்யனிடமிருந்தும் பிறகு ஹேகினிடமிருந்தும் பரவிய ‘விசுவாச வார்த்தை’ப் போதனை, குணமாகுதலுக்கான ஜெபத்தில் ‘சித்தமானால்’ என்று சேர்ப்பதை நம்பிக்கைக் குறைவாகப் பார்த்தது. டிசம்பர் 31 இரவு எடுக்கும் வாக்குத்தத்த வசனம், வரப்போகும் ஆண்டுக்கான அறிக்கையாக உரக்கச் சொல்லப்படலாயிற்று. பல சபைகளில் ஜெபத்தை விட்டு வெளியேறிய ‘சித்தமானால்’ அழைப்பிதழில் மட்டும் தங்கியது. இது எனக்கு வருத்தம் தருகிற மாற்றம். கெத்செமனேயில் சொல்லப்பட்டதை நம்பிக்கைக் குறைவு என்று சொல்ல எந்தப் போதகருக்கும் அதிகாரம் இல்லை. கூலிமிலிருந்து சற்றுத் தூரத்தில், புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்துக்கு ஒவ்வொரு ஜூலையும் மெழுகுவர்த்தியோடு போகும் தோட்டத்து முதியவர்கள், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, ‘திருவுளம் எப்படியோ’ என்று எழுந்து வருவதில் அந்தப் பழைய வரிசை இன்னும் கலையாமல் இருக்கிறது.

2020 மார்ச் 18இல் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது மலேசியா முழுவதும் ஆலயங்கள் மூடின, மண்டபங்கள் மூடின. தேதி அச்சான அழைப்பிதழ்கள் வீடுகளில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அந்தத் தாள்களில் கண் தாண்டிப் போயிருந்த வரிதான் இப்போது முதலில் கண்ணில் பட்டது; கீழே இருந்த தேதி பொய்யாகியிருந்தது. பிறகு, ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்து, புதிய தேதி குறித்துக் கைபேசியில் அழைப்பு அனுப்பியபோது, குடும்பத்தார் மண்டபத்தின் பெயரை எடுத்தார்கள், விருந்தை எடுத்தார்கள். மேலே இருந்த ‘கர்த்தருக்குச் சித்தமானால்’ என்பதை எடுக்கவில்லை.