கராமா அமைப்பும் மாணவர் பயிற்சியும்

கராமா, 1993-இல் தொடங்கப்பட்ட, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனைத் தளமாகக் கொண்ட முஸ்லிம் பெண் வழக்கறிஞர்களின் மனித உரிமை அமைப்பு. முஸ்லிம் பெண்களின் உரிமைகளை அவர்களுடைய சமய மரபிலிருந்தே வாதிட்டு நிலைநாட்டுவது இதன் நோக்கம். சட்ட மாணவர்களும் பிற பட்டப்படிப்பு மாணவர்களும் குறுகிய காலம் உடனிருந்து வேலை கற்கும் இன்டர்ன்ஷிப், இத்தகைய அமைப்புகளின் முக்கியப் பணிகளுள் ஒன்று.

தோற்றம்

அமைப்பை நிறுவியவர் அஸீஸா அல்-ஹிப்ரி. லெபனானில் பிறந்த இவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டமும் (1975) பின்னர் சட்டப் பட்டமும் (1985) பெற்றார். 1992-இல் ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர் ஆனார். 2011-இல் அதிபர் ஒபாமா இவரை அமெரிக்காவின் பன்னாட்டுச் சமயச் சுதந்திர ஆணையத்தில் உறுப்பினராக நியமித்தார். ஆதமின் மக்களுக்கு இறைவன் வழங்கிய கண்ணியத்தைப் பேசும் குர்ஆன் வசனத்திலிருந்து (17:70), ‘கண்ணியம்’ என்று பொருள்படும் அமைப்பின் பெயர் பிறந்தது.

இஸ்லாமியச் சட்டவியல், தலைமைப் பண்பு, பிணக்குத் தீர்த்தல் ஆகியவற்றைப் பெண்களுக்குக் கற்பிக்கும் கோடைக்காலப் பயிற்சித் திட்டத்தை கராமா 2003-இல் தொடங்கியது.

சட்டச் சூழல்

இந்தியாவில் உள்ளதுபோல் சமயவழித் தனிநபர் சட்டம் அமெரிக்காவில் இல்லை. மணமும் மணமுறிவும் அந்தந்த மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டவை. எனவே நிக்காஹின்போது, கணவர் மனைவிக்குத் தரவேண்டிய மஹர் பற்றி எழுதப்படும் ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஏற்குமா என்பது வழக்குக்கு வழக்கு மாறுகிறது.

2002-இல் நியூ ஜெர்சியில் வந்த ஒரு வழக்கில் மஹர் இரண்டு பகுதியாக இருந்தது: உடனே தர ஒரு தங்கக் காசு, பின்னர் தரப் பத்தாயிரம் டாலர். இரு குடும்பத்தாரும் பேசி முடித்துக் கையெழுத்திட்டது திருமண வீடியோவிலேயே பதிவாகியிருந்தது. சமய ஒப்பந்தத்தில் அரசு தலையிடக் கூடாது என்று கணவர் தரப்பு வாதிட்டது. நீதிமன்றமோ அதைச் சாதாரண ஒப்பந்தமாகவே எடைபோட்டு, பணத்தைத் தர உத்தரவிட்டது.

2008-இல் மேரிலாந்தின் உச்ச நீதிமன்றம் வேறு வகை வழக்கைத் தீர்த்தது. மனைவி மணமுறிவு கோரி வழக்குத் தொடுத்த பிறகு, கணவர் வாஷிங்டனில் உள்ள பாகிஸ்தான் தூதரகத்துக்குச் சென்று தலாக் ஆவணத்தில் கையெழுத்திட்டார். அந்தத் தலாக்கை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதனால் கணவரின் ஓய்வூதியத்தில் மாநிலச் சட்டப்படி மனைவிக்கு இருந்த பங்கு காப்பாற்றப்பட்டது.

2010-இல் ஓக்லஹோமா வாக்காளர்கள், மாநில நீதிமன்றங்கள் இஸ்லாமியச் சட்டமான ஷரீஅத்தைக் கருத்தில் கொள்ளவே கூடாது என்ற அரசியல் சட்டத் திருத்தத்தை ஆதரித்தனர். கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. நடைமுறைக்கு வந்திருந்தால், மஹரைக் கேட்டு நீதிமன்றம் வரும் பெண்ணின் வழியையும் அது அடைத்திருக்கும்.

பயிற்சி மாணவரின் வேலை

பெரும்பகுதி ஆய்வும் எழுத்தும்தான். பழைய தீர்ப்புகளைத் தேடித் தொகுப்பது, குறிப்பு எழுதுவது, கருத்தரங்குகளுக்கு உதவுவது ஆகியவை வழக்கமான பணிகள். ஒரு நிக்காஹ் ஒப்பந்தத்தைப் படிக்கும் மாணவர் பல கேள்விகளை எழுப்ப வேண்டும். மஹர் தொகை தெளிவாக எழுதப்பட்டுள்ளதா? எப்போது தரவேண்டும் என்று உள்ளதா? எழுதிய மொழி மணமகளுக்குப் புரியுமா? மாநிலத்தின் திருமண உரிமம் பெறப்பட்டதா? விடை ஒன்று பிசகினாலும் பிற்காலத்தில் அந்தப் பெண்ணின் வழக்கு வலுவிழக்கக்கூடும்.

விதிகள்

உரிமம் பெறாத மாணவர் தாமாகச் சட்ட ஆலோசனை தரக்கூடாது. வழக்கறிஞரின் மேற்பார்வையில்தான் பணியாற்ற வேண்டும். உதவி நாடி வருபவர் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது. மணவாழ்க்கையின் அந்தரங்கம் பேசப்படும் இடத்தில், அதுவும் ஒருவரையொருவர் அறிந்த சிறு சமூகத்தில், இந்த விதிக்குக் கூடுதல் கண்டிப்பு வேண்டும்.

லாப நோக்கற்ற அமைப்புகளில் ஊதியமில்லாப் பயிற்சியை அமெரிக்கத் தொழிலாளர் துறை பொதுவாக அனுமதிக்கிறது. சட்ட மாணவர்கள் கல்லூரிக்கு வெளியே பெறும் பயிற்சிக்குப் பட்டப்படிப்பில் சேரும் மதிப்புப் புள்ளியும் (கிரெடிட்) ஊதியமும் சேர்ந்தே பெறுவதற்கு இருந்த தடையை அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2016-இல் நீக்கியது. ஆயினும் முடிவு அந்தந்தக் கல்லூரியின் கையில். வாஷிங்டன் போன்ற நகரில் வாடகை கொடுத்துத் தங்கி ஊதியமின்றி வேலை செய்ய வசதியற்ற மாணவியரால் இயலாது. உதவித்தொகை இல்லாத பயிற்சி, யாருக்காக அமைப்பு நடக்கிறதோ அவர்களின் மகள்களுக்கே எட்டாமல் போகும்.

மதிப்பீடு

நியூ ஜெர்சியில் பெண்ணுக்குக் கைகொடுத்தது இஸ்லாமிய ஒப்பந்தம். மேரிலாந்தில் கைகொடுத்தது மாநிலச் சட்டம். ஒன்றை மட்டும் அறிந்த வழக்கறிஞர் மற்றதில் அவளைக் கைவிட நேரும். இரண்டையும் படித்தறிந்த பெண்களை உருவாக்குவதே இந்தப் பயிற்சியின் தலையாய பயன்.