சுதேசிக் கப்பல் நிறுவனமும் அதன் பங்குதாரர்களும்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்தைப் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் தன் பிடியில் வைத்திருந்த காலத்தில், வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெருமுயற்சியால் 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவு பெற்றது. அதன் பத்து இலட்சம் ரூபாய் மூலதனம் தலா 25 ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பங்குகள் ஆசியர்க்கு மட்டுமே என்ற விதி, உரிமை அயலார் கைக்குப் போய்விடாதபடி தடுத்தது. மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும், வ. உ. சி. உதவிச் செயலாளராகவும் பொறுப்பேற்றனர்; ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகளை, அதாவது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை, வாங்கினார். 1907இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்ததும், எதிர் நிறுவனம் தன் கட்டணத்தை இழப்பையும் பொருட்படுத்தாமல் வெட்டியது. ஆட்சியாளரின் ஆதரவும் அதன் பக்கமே இருந்தது. இந்த நெருக்கடியில், பங்குதாரரின் முதலீட்டைக் காக்கும் கடமைப்பட்ட இயக்குநர் குழு, அதாவது நிறுவனத்தின் நிர்வாகத்துக்குப் பொறுப்பான அவை, அரசியலிலிருந்து விலகி நிற்க விரும்பியது இயல்பே. ஆயினும் நிறுவனமே அரசியல் எழுச்சியில் பிறந்தது என்பதால், தூத்துக்குடியின் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற வ. உ. சி.யின் நிலைப்பாடே கூடுதல் நேர்மையுடையது. 1908 மார்ச்சில் அவர் கைதானார். தளர்ந்துபோன நிறுவனம் 1911இல் கலைக்கப்பட்டது.