செயின்சோ எஞ்சினுக்கு வலுக்கூட்டல்: எது பயன் தரும், எது மெசினைக் கெடுக்கும்?

பாலை, முதிரை போன்ற வைரமான மரங்களை அரிபவர்கள் எல்லோரும் ஒரு நாளாவது நினைத்திருப்பார்கள்: மெசின் இன்னும் கொஞ்சம் வலுவாக இழுத்தால் வேலை வெள்ளென முடியுமே என்று. சைலன்சரைத் திறந்துவிடுவது, சிலிண்டரின் அடிக் கஸ்கற்றைக் கழற்றுவது, துவாரங்களை அகலமாக்குவது என்று இதற்குப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மண்ணில் இவை பெரிய வித்தைகள் அல்ல. ஆனால் நாட்கூலிக்கு மரம் அரியும் ஒருவரின் மெசின் இறுகினால் அவருடைய வருமானமும் அன்றோடு நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு மாற்றமும் என்ன செய்கிறது, அதனால் வரும் கெடுதி என்ன என்பதைத் தெரிந்துகொண்டே கைவைக்க வேண்டும்.

முதலில் சங்கிலி

மெசின் இழுக்கவில்லை என்று எஞ்சினைக் குறைசொல்லும் பல வேளைகளில் உண்மையான குறை சங்கிலியில் இருக்கிறது. இன்று நாம் பயன்படுத்தும் சங்கிலியின் வடிவமே இதற்குச் சான்று. ஜோசப் கொக்ஸ் என்ற அமெரிக்க மரம்வெட்டி, மரக்கட்டையைத் துளைத்துச் செல்லும் வண்டுப் புழு இடதும் வலதுமாகக் கடித்து முன்னேறுவதைப் பார்த்து, அதே முறையில் பல் அமைத்த சங்கிலியை 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். எஞ்சினில் கைவைக்காமலே வெட்டும் வேகம் கூடியது.

பெரும்பாலான சங்கிலிகளின் பல்லை 30 பாகை சரிவில் அரம் போடுவார்கள். வைரமான மரத்துக்கு 25 பாகை போதும். முனை சீக்கிரம் மழுங்காது. பல்லுக்கு முன்னாலிருக்கும் சிறு மேட்டையும் கவனிக்க வேண்டும். எட்டில் மூன்று அங்குலச் சங்கிலியில் அது பல்லைவிட ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் பதிவாக இருக்க வேண்டும். பல்லை மட்டும் தீட்டி இந்த மேட்டை விட்டுவிட்டால், சங்கிலி மரத்தைக் கடிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும். தும்புக்குப் பதிலாக மாவு கொட்டினால் குறை சங்கிலியில்தான். அடைத்த எயார் பில்டர், பழைய பெற்றோல் ஆகியவையும் வலுவைக் குறைக்கும்.

சைலன்சரைத் திறத்தல்

செயின்சோவில் இருப்பது இரண்டடிப்பு எஞ்சின். எரிந்த வாயு எவ்வளவு இலகுவாக வெளியேறுகிறதோ, அவ்வளவு புதிய கலவை உள்ளே வரும். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்கும் சத்தக் கட்டுப்பாட்டுக்கும் அமையச் செய்யப்பட்ட மெசின்களில் சைலன்சரின் வாய் ஒடுங்கியிருக்கும். அதை ஓரளவு பெரிதாக்குவதுதான் மாற்றங்களில் எளிதானதும் பயன் தெரிவதும். சிலிண்டரின் புகைத்துவாரப் பரப்பில் முக்காற்பங்குக்கு மேல் திறப்பதால் சத்தம் கூடுமே தவிர வேறு பெரிய பயன் இல்லை.

ஆபத்து இதன் பின்னால்தான் வருகிறது. காற்று இலகுவாகப் போய்வரும்போது கலவையில் பெற்றோலின் பங்கு குறைகிறது. இந்த எஞ்சினுக்கு ஒயில் போவது பெற்றோலோடு சேர்ந்துதான். பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும், சூடு ஏறும், புகைத்துவாரப் பக்கமாக பிஸ்டன் உராய்ந்து இறுகிவிடும். எனவே சைலன்சரைத் திறந்தால் காபரேட்டரின் ‘எச்’ திருகாணியைச் சற்று இடப்பக்கம் திருப்பிப் பெற்றோலைக் கூட்டியே ஆக வேண்டும். சுமையின்றி முழு வேகத்தில் விடும்போது சத்தம் சற்று உடைந்து கேட்க வேண்டும். மரத்தில் வைத்தவுடன் அது சீராக வேண்டும். வெறுமையாகவே கூர்மையாகக் கத்தினால் பெற்றோல் போதவில்லை. பிளக் வெள்ளையாக வெந்திருந்தாலும் அதே அர்த்தம்; மண்ணிறமே சரியான நிறம்.

சைலன்சருக்குள் இருக்கும் தீப்பொறி வலையை எடுத்தெறியக் கூடாது. கோடையில் காய்ந்த புல்லும் பனையோலையும் பற்ற ஒரு பொறி போதும்.

அடிக் கஸ்கற்றை எடுத்தல்

சிலிண்டரின் அடிக் கஸ்கற் பெரும்பாலும் அரை மில்லிமீற்றர் அளவு தடிப்பு. அதை எடுத்தால் சிலிண்டர் கீழே இறங்கி அமுக்கம் கூடும், இழுவையும் கூடும். ஆனால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது தலைப்பகுதிக்கும் அதற்கும் இடையே குறைந்தது அரை மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். பிளக் துவாரத்தால் ஈயக் கம்பியைச் சிலிண்டர் சுவர்வரை விட்டு, எஞ்சினைக் கையால் ஒருமுறை சுற்றி, நசுங்கிய முனையை அளந்தால் இந்த இடைவெளி தெரியும். அளக்காமல் கஸ்கற்றை எடுத்தால் பிஸ்டன் தலையில் முட்டலாம். அமுக்கம் கூடிய எஞ்சினில் 92 ஒக்ரேன் பெற்றோல் தட்டுச்சத்தம் தரலாம், 95 தேவைப்படும். கயிறு இழுக்கும்போது கையையும் திருப்பி அடிக்கும்.

துவாரங்களை அகலமாக்கல்

மூன்றாவது வழி, சிலிண்டர் சுவரிலுள்ள துவாரங்களை அராவிப் பெரிதாக்குவது. இது கைதேர்ந்தவர்களின் வேலை. துவாரம் அளவுமீறி அகன்றால் பிஸ்டன் றிங் அதற்குள் கொழுவி உடையும். செயின்சோ சிலிண்டர்கள் பெரும்பாலானவற்றின் உட்சுவரில் கடினமான மெல்லிய பூச்சு உண்டு. அது உரிந்துவிட்டால், பழைய மோட்டார் சைக்கிளுக்குச் செய்வதுபோல் போர் அடித்து மீட்க முடியாது. சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

வெளிநாட்டு மரம்வெட்டும் போட்டிகளில் 60 குதிரைவலுவுக்கு மேற்பட்ட மெசின்கள் உண்டு. அவை சில விநாடிகள் அரிவதற்கென்றே கட்டப்பட்டவை. நாள்முழுக்க வெயிலில் ஓட வேண்டிய மெசினுக்கு அந்த வித்தைகள் பொருந்தா.

உடம்புக்கு வரும் கெடுதி

சாதாரண செயின்சோவின் சத்தமே 100 டெசிபலைத் தாண்டும். சைலன்சர் திறந்தால் இன்னும் கூடும். ஷெல் சத்தத்தில் ஏற்கனவே காது மந்தமானவர்கள் எங்களிடையே ஏராளம். காதுக் கவசம் இல்லாமல் இந்த வேலை செய்யக் கூடாது. வலுக்கூடிய மெசின் வாளின் முனை மரத்தில் தட்டும்போது முகத்தை நோக்கி எழும்பும் வேகமும் கூடும். சங்கிலி பிரேக் வேலை செய்யாத மெசினுக்கு வலுக்கூட்டுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

மரத்துக்குள் இரும்பு

போர் நடந்த நிலத்து மரங்களுக்குள் ஷெல் சிதறல்களும் சன்னங்களும் புதைந்திருக்கின்றன. பட்டை மூடி வளர்ந்துவிட்டதால் வெளியே தெரியாது. முதலாம் உலகப்போர் நடந்த பிரான்சின் கிழக்குக் காடுகளிலும் மரம் அரிபவர்களுக்கு இதே தொல்லை நீண்டகாலம் இருந்தது. வெட்டுமுகத்தில் நீலக் கறுப்பாகக் கறை தெரிந்தால் அருகில் இரும்பு இருக்கலாம். வேகம் கூடிய சங்கிலி இரும்பில் பட்டால் பல் தெறிக்கும், சங்கிலியும் அறலாம். முடிந்தால் உலோகம் காட்டும் கருவியால் மரத்தைத் தடவிப் பாருங்கள். சந்தேகமான மரத்தில் மெதுவாகவும், அடிமரத்தில் சிதறல் பட்ட வடு இருந்தால் அதற்கு மேலாகவும் வெட்டுங்கள். வெடிக்காத பொருள் தெரிந்தால் வேலையை நிறுத்தி, அதைத் தொடாமல் பொலிசாருக்கு அறிவியுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் இறங்கவே வேண்டாம்.

சட்டமும் உண்டு. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. செயின்சோ வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்யும் நடைமுறையும் 2019இல் கொண்டுவரப்பட்டது.

மெசின் இழுக்கவில்லை என்றால் செய்ய வேண்டிய ஒழுங்கு இதுதான்: சங்கிலியைத் தீட்டுங்கள், பில்டரைக் கழுவுங்கள், புதுப் பெற்றோலில் நல்ல இரண்டடிப்பு ஒயிலைச் சரியான அளவில் கலவுங்கள், காபரேட்டரைச் சரிபாருங்கள். அதன்பிறகும் போதவில்லையென்றால் சைலன்சரை அளவோடு திறந்து பெற்றோலைக் கூட்டலாம். அதற்கும் மேல் வலு வேண்டுமென்றால், சிறிய எஞ்சினை வருத்துவதைவிட 70 சீசீக்கு மேற்பட்ட மெசின் ஒன்றுக்குக் காசு சேர்ப்பதே இலாபம்.