பால் காளான் வளர்ப்பு (விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்)

பால் காளான், வெயில் காலத்திலும் விளையும் வெள்ளை நிற உணவுக் காளான். அறிவியல் பெயர் கலோசைபே இண்டிகா. மேற்கு வங்கத்தில் கிடைத்த இந்த இனத்தை 1974இல் புர்காயஸ்தா, சந்திரா ஆகியோர் விவரித்துப் பெயரிட்டனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏபிகே 2 ரகத்தை வெளியிட்ட பிறகு இதன் சாகுபடி பரவலாயிற்று.

வீட்டுத் தோட்டத்தில் மோரல் காளான் வளர்க்க விரும்புவோர் உண்டு. காஷ்மீர், இமாச்சலக் காடுகளில் பனி உருகும் பருவத்தில் முளைக்கும் அந்தக் காளானுக்கு மண் நன்றாகக் குளிர வேண்டும். சீனாவில் நிழல்வலைக்கு அடியில் வயலிலேயே பயிரிடுகிறார்கள் என்றாலும், அதுவும் குளிர்காலப் பயிர்தான். திண்டிவனத்தில் மார்கழியிலும் அந்தக் குளிர் வராது. மொட்டுக் காளானுக்கும் குளிரூட்டிய அறை வேண்டும். சிப்பிக் காளான் ஐப்பசி முதல் மாசி வரை நன்றாக வரும்; பங்குனி வெயிலில் தளர்ந்துவிடும். 30 முதல் 35 டிகிரி வெப்பத்தை விரும்பும் பால் காளானே இந்த மண்ணுக்கு ஏற்றது. நெல் விளையும் மாவட்டம் என்பதால் வைக்கோலுக்கும் அலைய வேண்டியதில்லை.

புதிய, மழையில் நனையாத வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, பிறகு ஒரு மணி நேரம் வேகவைத்து உலர்த்த வேண்டும். கைப்பிடி வைக்கோலை இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். சொட்டு விழக் கூடாது. ஈரம் மிஞ்சினால் பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும். பாலித்தீன் பையில் வைக்கோலையும் காளான் வித்தையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டி, இருட்டறையில் வைத்தால் 15 முதல் 20 நாட்களில் படுக்கை முழுதும் வெண்மை படரும்.

சிப்பிக் காளானுக்குத் தேவைப்படாத மண் பூச்சு இதற்குக் கட்டாயம். புதிதாக இறங்குவோர் அக்கறை குறைத்துக் கெடுத்துக்கொள்வதும் இந்த இடத்தில்தான். உருளைப் படுக்கையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, மேலே 1 முதல் 2 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் இட வேண்டும். அந்த மண்ணைச் சுண்ணாம்புத் தூள் கலந்து, ஆவியில் வேகவைத்து ஆறவிட்டிருக்க வேண்டும். தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால் நூற்புழுவும் வேண்டாத பூசணமும் கூடவே வந்துவிடும். மண் காயாதபடி தினமும் நீர் தெளித்தால் பத்து நாட்களில் குண்டூசித் தலை அளவில் மொட்டுகள் தெரியும். அடுத்த ஒரு வாரத்தில் அறுவடை.

வளர்ப்பதற்கு, தரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் பள்ளம் தோண்டி, மேலே நீல நிற சில்பாலின் விரிப்பால் கூடாரம் அமைப்பது வழக்கம். பள்ளம் ஈரத்தைக் காக்கிறது. விரிப்பின் வழியே தேவையான வெளிச்சமும் வந்துவிடுகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கவிடுவது நல்லது. ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மொட்டுகள் கருகும்.

பறித்த பால் காளான் மூன்று நான்கு நாட்கள் கெடாமல் இருப்பதால் பக்கத்து ஊர்ச் சந்தைக்கும் அனுப்ப முடிகிறது. வித்தைத் தேதி பார்த்து, நம்பகமான ஆய்வகத்திலிருந்து வாங்க வேண்டும். திண்டிவனத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருப்பதால் சந்தேகங்களை அங்கே நேரில் கேட்கலாம். மழைக்குப் பிறகு தோட்டத்தில் தானே முளைக்கும் வெள்ளைக் காளானை, பார்வைக்கு இதைப்போலவே இருந்தாலும், எக்காரணம் கொண்டும் சமைக்கக் கூடாது.