கருணையும் ஒரு பயிற்சியே

தினமும் பூஜை முடிந்ததும் உலக க்ஷேமத்துக்காகப் பிரார்த்திக்கிறோம். உலகமெல்லாம் சுகமாக இருக்கட்டும் என்று சொல்வதில் நமக்குச் சிரமமே இல்லை. தண்ணீர்த் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன மாடி வீட்டுக்காரர் சுகமாக இருக்கட்டும் என்று நினைக்கத்தான் மனம் வருவதில்லை! இந்தச் சங்கடம் இன்று நேற்று வந்ததல்ல. நம் பெரியோர்கள் இதை அறிந்து, கருணையை ஒரு தியானப் பயிற்சியாகவே வகுத்திருக்கிறார்கள்.

பதஞ்ஜலி மஹரிஷி யோக ஸூத்ரத்தின் முதல் பாதம் 33-வது ஸூத்ரத்தில் மைத்ரீ, கருணா, முதிதா, உபேக்ஷா என்று நான்கு பாவனைகளைச் சொல்கிறார். சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, புண்ணியம் செய்பவரைக் கண்டு மகிழ்ச்சி, தவறு செய்பவரிடம் வெறுப்பில்லாத ஒதுங்கல். இவற்றைப் பழகினால் சித்தம் தெளியும் என்பது அவர் காட்டும் பலன். ஆக, கருணையால் முதலில் நன்மை அடைவது கருணை காட்டுபவரே.

இதே நான்கும் பௌத்தத்தில் ‘பிரம்ம விஹாரங்கள்’ எனப்படுகின்றன. இவற்றை விரிவாக விளக்கியவர் கி.பி. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புத்தகோஷர். புத்தகயைக்கு அருகில் அந்தணர் குலத்தில் பிறந்து வேதம் கற்றவர் என்று இலங்கை மரபு கூறுகிறது. நம் காஞ்சிபுரத்தில் தாம் தங்கியிருந்ததை அவரே தமது உரைநூல் ஒன்றின் முடிவில் குறிப்பிடுகிறார். அனுராதபுரம் மஹாவிஹாரத்தில் அவர் இயற்றிய ‘விசுத்திமக்கம்’ என்ற பாலி நூலின் 9-ஆம் அத்தியாயம் முழுவதும் இந்தப் பயிற்சியைப் பற்றியதே.

அதில் முக்கியமானது வரிசை. மைத்ரீ தியானத்தில் முதலில் தன் நலனை நினைக்க வேண்டும். பிறகு ஆசார்யர் போன்ற மதிப்புக்குரியவர், நெருங்கிய நண்பர், வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத ஒருவர். விரோதி கடைசியில்தான். எடுத்த எடுப்பிலேயே விரோதியை நினைத்தால் கோபம்தான் எழும் என்கிறார். அவர் முறை வந்தும் கோபம் எழுந்தால், மறுபடி முந்தையவர்களிடம் திரும்பி, மனத்தைப் பதப்படுத்திக்கொண்டு வரவேண்டும். அப்படியும் தணியாவிட்டால் அந்த விரோதிக்கே ஏதேனும் ஒரு பொருளைக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கும் கையில் பகை தங்காது அல்லவா?

நம் காலத்திலும் இந்த வழி பரீக்ஷை செய்யப்பட்டது. பர்மாவின் மாண்டலேயில் மார்வாரி ஹிந்துக் குடும்பத்தில் பிறந்த சத்யநாராயண் கோயங்கா (1924–2013), 1969-இல் விபச்யனா தியானத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 1994 ஏப்ரலில் தில்லி திஹார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் அவரது பத்து நாள் முகாமில் அமர்ந்தார்கள். அப்போது சிறைத்துறைத் தலைவராக இருந்தவர் கிரண் பேடி. இந்த முகாம்களில் முதல் நாட்களெல்லாம் மௌனமாக மூச்சையும் உடல் உணர்ச்சிகளையும் கவனிப்பதில் கழியும். எல்லோருக்கும் நன்மை நினைக்கும் மைத்ரீ பாவனை முடிவில்தான் கற்றுத்தரப்படும். இங்கும் அதே வரிசை: முதலில் தன் மனம், பிறகு பிறர்.

காலையில் ஸந்தியாவந்தனமோ ஸ்லோகமோ முடிந்ததும் ஐந்து நிமிஷம் கூடுதலாக உட்காருவோம். மாடி வீட்டுக்காரரை முதல் நாளே இழுக்க வேண்டாம். வரிசையில் அவர் முறை வரட்டும். வந்தும் மனம் இளகவில்லையா? இருக்கவே இருக்கிறது புத்தகோஷர் சொன்ன மருந்து. வரும் நவராத்திரிக்கு ஒரு கிண்ணம் சுண்டலோடு மாடிப்படி ஏறுவோம்.