சென்னைச் சாவடியின் நீதி அதிகாரம்: 1726-ஆம் ஆண்டுப் பட்டயத்துக்கு முந்தைய வரலாறு

சென்னையில் வாழ்ந்த இந்தியர்களின் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் ஆங்கிலேயரின் நீதிமன்றங்களுக்கு எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்குச் சட்ட வரலாற்று நூல்களில் வழக்கமாகக் கிடைக்கும் விடை 1726-ஆம் ஆண்டுப் பட்டயம் என்பதாகும். அந்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று முதலாம் ஜார்ஜ் மன்னர் வழங்கிய பட்டயம் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் அரசரின் பெயரால் இயங்கும் மேயர் நீதிமன்றங்களை நிறுவியது. அதற்கு முன் நடந்தவையெல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் வசதிக்காக நடத்திக்கொண்ட ஏற்பாடுகள் என்று ஒதுக்கப்படுகின்றன. இக்கருத்துக்கு அடித்தளமாக நிற்பது, இங்கிலாந்து அரசரின் மேல்முறையீட்டு மன்றமாகிய பிரிவி கவுன்சிலில் 1863-ஆம் ஆண்டு லார்டு கிங்ஸ்டவுன் வழங்கிய தீர்ப்பு. அத்தீர்ப்பு கல்கத்தாவுக்குப் பொருந்தலாம். சென்னைக்கு அதை அப்படியே பொருத்துவது சான்றுகளுக்கு முரணானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தீர்ப்பின் பின்னணியை முதலில் காண வேண்டும். கல்கத்தாவில் தற்கொலை செய்துகொண்ட ஓர் இந்து ஜமீன்தாரின் சொத்து, தற்கொலையாளியின் உடைமை அரசருக்குச் சேரும் என்ற பழைய ஆங்கிலச் சட்ட விதிப்படி அரசுக்குப் போகுமா, அவருடைய மனைவி ராணி சுவர்ணமயிக்குச் சேருமா என்பதே வழக்கு. போகாது என்று தீர்ப்பாயிற்று. அந்த முடிவுக்கு வரும் வழியில் கிங்ஸ்டவுன் ஒரு வரலாற்றுச் சித்திரத்தை வரைகிறார். ஆங்கிலேயர் கீழ்த்திசைக்கு வந்தபோது மக்களற்ற நிலத்தில் குடியேறவில்லை; நிலைபெற்ற அரசும் சட்டமும் உடைய ஒரு நாட்டில், அந்நாட்டு ஆட்சியாளரின் இசைவோடு வணிகக் கிடங்கு அமைத்தனர். தம் சட்டத்தைத் தமக்குள் பின்பற்றிக்கொள்ள அவர்களுக்கு இசைவு தரப்பட்டது. அந்த இசைவு அவர்களுக்கு மட்டுமே உரியது. உள்ளூர் மக்களை அது தானாகக் கட்டுப்படுத்தாது. உள்ளூர் மக்கள் ஆங்கிலச் சட்டத்தின் எல்லைக்குள் வந்தது 1726-ஆம் ஆண்டுப் பட்டயத்தால்தான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது என்பது அவருடைய கூற்றின் சாரம்.

இந்தச் சித்திரத்தின் முதற்பகுதி மறுக்க முடியாதது. ஆங்கிலேயரின் இறையாண்மை வெகு காலம் பிந்தியே கல்கத்தாவில் உறுதிப்பட்டது என்று 1836-ஆம் ஆண்டிலேயே லியோன் நகர மேயர் தொடுத்த வழக்கில் பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டிருந்தது. கிங்ஸ்டவுன் அதே தடத்தில்தான் செல்கிறார். சிக்கல் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. உள்ளூர் ஆட்சியாளர் தந்த இசைவு ஆங்கிலேயருக்கு மட்டுமே உரியது என்பதற்கு அவர் ஆவணம் எதையும் முன்வைக்கவில்லை; கீழ்த்திசை ஆட்சியாளர்கள் வெளிநாட்டு வணிகருக்கு இயல்பாகத் தரும் சலுகை அப்படித்தான் இருக்கும் என்ற பொது அனுமானமே அங்கே ஆவணத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு நீதிபதி தம் முன்னுள்ள வழக்குக்குத் தேவையான அளவுக்கு வரலாற்றைச் சுருக்கிக்கொள்வதில் தவறில்லை. அந்தச் சுருக்கத்தையே வரலாறாக ஏற்றுக்கொண்டு மூன்று நகரங்களுக்கும் பொதுவாக்கிய பிற்காலப் பாடநூல்களின் செயல்தான் கேள்விக்குரியது.

சென்னையின் தொடக்க ஆவணம் 1639-ஆம் ஆண்டு அப்பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் கம்பெனிக்கு வழங்கிய உரிமையோலை. அதன் ஆங்கில வடிவமே ஆய்வாளர்களின் கையில் புழங்குகிறது. அதிலுள்ள ஜூலை 22 என்னும் தேதியை நம்புவதற்கில்லை. கம்பெனியின் முகவர் ஃபிரான்சிஸ் டே அவ்வாண்டு ஜூலை 27 அன்றுதான் மதராசபட்டினத்துக்கு வந்து சேர்ந்தார். இன்று சென்னை நாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 22 இந்த முரணைத் தீர்க்கும் பொருட்டுச் செய்யப்பட்ட திருத்தம், அவ்வளவே. தேதியைவிட முக்கியமானது ஓலையின் உள்ளடக்கம். கோட்டை அமைந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு மதராசபட்டினத்தின் நிர்வாகத்தை ஆங்கிலேயர் நடத்தலாம் என்றும், அதன்பின் சுங்கத்தையும் வருவாயையும் இருதரப்பும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றும் அது கூறுகிறது. நீதி வழங்குவதைப் பற்றி அதில் தனியே ஒரு சொல்லும் இல்லை. கிங்ஸ்டவுனின் அனுமானத்துக்கு இடம் தரும் ஆவணம் சென்னையில் உண்டு என்றால், அது இது ஒன்றுதான்.

ஆனால் இரண்டே ஆண்டுகளில் நிலைமை வேறாகிவிட்டது. கோட்டையிலிருந்து கம்பெனியார் 1642-ஆம் ஆண்டு எழுதிய கடிதம் ஒன்று இரண்டு கொலை வழக்குகளை விவரிக்கிறது. எச். டி. லவ் சென்னையின் பழைய பதிவுகளைத் தொகுத்து 1913-இல் வெளியிட்ட பெருநூலால் பரவலாக அறியப்பட்ட கடிதம்தான் இது. எனினும் நகரத்தின் குழந்தைப் பருவத்துக் கதையாகச் சொல்லப்பட்ட அளவுக்கு, நீதி அதிகாரத்தின் சான்றாக அது எடைபோடப்படவில்லை. முதல் வழக்கில் கொலையுண்ட பெண்ணும் உள்ளூர்வாசி, கொன்றவர்களும் உள்ளூர்வாசிகள். ஆங்கிலேயர் எவருக்கும் அதில் பங்கில்லை. கம்பெனியார் தாமே முடிவெடுக்காமல் நாயக்கருக்குச் செய்தி அனுப்பினர். வந்த பதில் குறிப்பிடத்தக்கது. குற்றவாளிகளை இங்கிலாந்தின் சட்டப்படி தண்டியுங்கள். நீங்கள் தண்டிக்காவிட்டால் கருநாட்டு வழக்கப்படி நானே தண்டிப்பேன் என்பது நாயக்கரின் ஆணை. திருடரும் கொலைகாரரும் நிறைந்த ஊர் என்று பெயர் பரவினால் அங்கே வணிகம் செய்ய யார் வருவார்கள் என்று அதற்குக் காரணமும் சொல்கிறார். தமக்கு வாய்த்த அதிகாரத்தை, அதைப் பறித்துக்கொள்ளத் துடிப்பவர்களிடம் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் குற்றவாளிகளைத் தூக்கிலிட்டதாகக் கம்பெனியார் ஒளிவுமறைவின்றி எழுதுகின்றனர். 1641 டிசம்பர் 11 வரை உடல்கள் தூக்குமரத்திலேயே தொங்கின.

இந்தப் பதிலில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. உள்ளூர்வாசி ஒருவரை உள்ளூர்வாசிகள் கொன்ற வழக்கை விசாரிக்கும் பொறுப்பு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவர்கள் பின்பற்ற வேண்டிய சட்டம் எது என்பதையும் ஆணையிட்டவரே தீர்மானிக்கிறார். ஒப்படைத்த பின்னும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். வெளிநாட்டாருக்குத் தமக்குள் தம் சட்டத்தைப் பின்பற்றிக்கொள்ளத் தரும் சலுகையின் இலக்கணம் இதுவன்று. தன் குடிகளின்மீது உள்ள நீதி அதிகாரத்தை ஓர் ஆட்சியாளர் கீழ்நிலை அலுவலரிடம் பகிர்ந்தளிப்பதன் இலக்கணம் இது.

1642 ஆகஸ்டில் நடந்த இரண்டாம் வழக்கும் இதையே வலுப்படுத்துகிறது. அந்தோனியோ மிராண்டா என்னும் போர்ச்சுகீசியர் கோட்டையின் ஆங்கிலச் சிப்பாய் ஒருவரைக் கொன்றார். அவரை என்ன செய்வது என்று கம்பெனியார் தயங்கினர். நாயக்கர் தாமதத்துக்கு இடம் தரவில்லை; உடனே தண்டிக்காவிட்டால் தம் ஆட்கள் கோட்டைக்கு எதிரிலேயே அவரைக் கொல்வார்கள் என்று எச்சரித்தார். மிராண்டா சுட்டுக் கொல்லப்பட்டார். இருவருமே ஐரோப்பியராக இருந்த வழக்கிலும் தண்டனைக்கான உந்துவிசை நாயக்கரிடமிருந்தே வந்தது.

இங்கே ஒரு தடை எழலாம். இந்தச் செய்திகள் அனைத்தும் ஆங்கிலேயரின் கடிதத்தின் வழியாக வருபவை. நாயக்கரின் ஆணையை எடுத்துரைப்பவர்கள் அந்த ஆணையால் பயன்பெற்றவர்களே. தூக்கிலிட்ட செயலை மேலிடத்துக்கு நியாயப்படுத்த அவர்கள் நாயக்கரின் வாயில் இச்சொற்களை வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பது முறையே. ஆயினும் அவர்கள் நியாயப்படுத்த விரும்பியிருந்தால், கம்பெனியின் சொந்த உரிமையைக் காட்டியிருப்பார்களேயன்றி, வேறொருவரின் மிரட்டலுக்குப் பணிந்ததாகத் தம் தலைமையகத்துக்கு எழுதியிருக்கமாட்டார்கள். காட்டுவதற்கு வேறு அதிகாரம் அவர்கள் கையில் இல்லை என்பதைத்தான் அக்கடிதம் தன்னையறியாமல் வெளிப்படுத்துகிறது. ஒரே கடிதத்தின்மீது இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்னும் ஐயம் எஞ்சினால், அதைப் போக்குவது மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ஆவணம்.

1645-ஆம் ஆண்டின் இறுதியில் விஜயநகர அரசர் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் கம்பெனிக்கு ஒரு கவுல், அதாவது உரிமையும் உறுதிமொழியும் தரும் ஆவணம், வழங்கினார். நாயக்கர் கொடுத்ததை அவருக்கு மேலிருந்த அரசர் உறுதிசெய்யும் இந்தக் கவுலில், 1639-ஆம் ஆண்டு ஓலையில் இல்லாத ஒன்று சேர்ந்துள்ளது: நகரத்தின் நிர்வாகத்தோடு நீதியும் ஆங்கிலேயரின் கையில் விடப்படுகிறது. நகரத்தின் நீதி என்றே ஆவணம் பேசுகிறது, ஆங்கிலேயருக்குரிய நீதி என்று அதை வரையறுக்கவில்லை. ஆறு ஆண்டு இடைவெளியில் இந்தச் சேர்க்கை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 1641, 1642-ஆம் ஆண்டுகளின் வழக்குகளைவிடப் பொருத்தமான விளக்கம் தென்படவில்லை. நடைமுறையில் தோன்றிய அதிகாரம் பின்னர் எழுத்தில் ஏறியது என்று கொள்வதே தகும். ஆட்சி கோல்கொண்டாவுக்கு மாறியபின், 1672-ஆம் ஆண்டு அவ்வரசின் தளபதி நெக்னாம்கான் தந்த கவுலும் இதே நெறியில் செல்கிறது. ஆண்டுக்கு 1,200 வராகன் குத்தகை பெற்றுக்கொண்டு, கோல்கொண்டாவின் அவல்தார் என்னும் அலுவலர் எவரும் நகரில் அமரமாட்டார் என்றும், நிர்வாகமும் நீதியும் கம்பெனியிடமே இருக்கும் என்றும் அது ஒப்புகிறது. குத்தகை செலுத்துபவர் இறையாண்மை உடையவராக இருக்க முடியாது. அந்தக் குத்தகை பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தொடர்ந்தது.

இந்த அதிகாரம் இயங்கிய இடம் சாவடி. சுங்கம் வசூலிக்கும் இடமாகவும் பத்திரப் பதிவு நடக்கும் இடமாகவும் இருந்த சாவடியிலேயே இந்தியர்கள் வாழ்ந்த பகுதியாகிய கறுப்பர் நகரத்து மக்களின் கடன் வழக்குகளும் சில்லறைக் குற்றங்களும் தீர்க்கப்பட்டன. தொடக்கத்தில் அதற்குத் தலைமை தாங்கியவர் அதிகாரி என்னும் ஊர்த்தலைவர். 1650-களில் அப்பொறுப்பு கம்பெனி ஊழியர்களிடம் மாறியது. நீதி வழங்குபவர் மாறினாரே தவிர, சாவடி மாறவில்லை, அங்கே வந்த வழக்காளிகளும் மாறவில்லை. ஊரின் பழைய நிறுவனம் ஒன்றுக்குள் ஆங்கிலேயர் நுழைந்து அமர்ந்தனர் என்பதே நிகழ்ந்ததன் சரியான விவரிப்பு.

இதற்கு நேர்மாறாக, ஆங்கிலேயர்மீது ஆங்கிலேயர் செலுத்த வேண்டிய அதிகாரமே சென்னையில் வெகுகாலம் ஐயத்துக்குரியதாக இருந்தது. கம்பெனியின் ஆளுநரும் ஆலோசனைச் சபையும் தமக்குக் கீழ் வாழ்வோரை இங்கிலாந்தின் சட்டப்படி விசாரிக்கலாம் என்று இரண்டாம் சார்லஸ் மன்னரின் 1661-ஆம் ஆண்டுப் பட்டயம் அனுமதித்திருந்தது. அப்படியிருந்தும், அடிமைச் சிறுமி ஒருத்தியைக் கொன்றதாக ஆசென்ஷியா டாஸ் என்னும் பெண்மணிமீது 1665-ஐ ஒட்டிக் குற்றச்சாட்டு எழுந்தபோது, சென்னையிலிருந்த தலைமை முகவர் தாமே விசாரிக்கத் துணியாமல் லண்டனுக்கு எழுதிக் கேட்டார். பட்டயம் ஆளுநர் என்று பேசியது. சென்னையில் இருந்தவரோ வெறும் முகவர். ஆகவே ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்டுக்கு ஆளுநர் பட்டம் தந்து அதிகாரம் வழங்க வேண்டியதாயிற்று. சட்டம் கற்றவர் எவரும் இல்லாத அந்த விசாரணையில் ஜூரிகள் குழம்பி, முடிவில் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தனர். உள்ளூர்வாசிகளை 1641-இல் நாயக்கரின் சொல்லே போதுமென்று தூக்கிலிட்ட கம்பெனி, இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஐரோப்பியப் பெண்மணியை விசாரிக்க அரச பட்டயத்தின் வாசகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. கிங்ஸ்டவுனின் வரிசை சென்னையில் தலைகீழாகிவிடுகிறது: இந்தியர்மீதான அதிகாரம் இந்திய ஆட்சியாளரிடமிருந்து முதலில் வந்தது, தம் நாட்டவர்மீதான அதிகாரத்துக்கே ஆங்கிலேயர் தம் அரசரின் பட்டயத்தை எதிர்நோக்கினர்.

அதன்பின் இரண்டு ஊற்றுகளும் கலக்கத் தொடங்கின. 1678-இல் ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷம் மாஸ்டர், ஆளுநரும் சபையும் புதன், சனிக்கிழமைகளில் உயர்நீதி மன்றமாக அமரவும், 50 வராகன் வரையிலான வழக்குகளைச் சாவடி நீதிபதிகள் தீர்க்கவும் ஏற்பாடு செய்தார். 1688-இல் கம்பெனியின் பட்டயப்படி தொடங்கிய முதல் மேயர் நீதிமன்றத்தின் பன்னிரண்டு ஆல்டர்மென்களில், அதாவது மன்ற உறுப்பினர்களில், மூவர் இந்துக்கள், மூவர் யூதர்கள், இருவர் போர்ச்சுகீசியர், ஆங்கிலேயர் மூவரே. 1726-ஆம் ஆண்டுப் பட்டயம் இந்தக் கலப்பை முறித்தது. ஒன்பது ஆல்டர்மென்களில் ஏழு பேர் பிரித்தானியக் குடிகளாகவே இருக்க வேண்டும் என்றாயிற்று. ஆக அந்தப் பட்டயம் இந்தியரின் வழக்குகளை முதன்முதலாக ஆங்கில நீதிமன்றத்துக்குக் கொண்டுவரவில்லை; ஏற்கெனவே வந்துகொண்டிருந்த வழக்குகளின் தீர்ப்பு மேடையிலிருந்து இந்தியரை அகற்றியது.

அந்த மாற்றம் நிலைக்கவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. 1730-களில் இந்து வணிகர்கள் கோயில் சத்தியம் செய்ய மறுத்ததை ஒட்டி மேயர் நீதிமன்றத்துக்கும் ஆளுநருக்கும் மோதல் மூண்டது. 1753-ஆம் ஆண்டு ஜனவரி 8 அன்று வழங்கப்பட்ட புதிய பட்டயம், இருதரப்பும் இசைந்தாலொழிய இந்தியர்களுக்கிடையிலான வழக்குகளை மேயர் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று விலக்கியது. 1726-இல் கிடைத்ததாகச் சொல்லப்படும் அதிகாரத்தை இருபத்தேழு ஆண்டுகளில் அதே அரசமரபு பெருமளவு திரும்ப எடுத்துக்கொண்டிருக்க, அதையே தோற்றுவாய் என்று வாதிடுவது கடினம்.

சாவடியில் தீர்ந்த வழக்குகள் எந்தச் சட்டப்படி தீர்ந்தன என்ற வினாவுக்கு மேற்கண்ட ஆவணங்கள் விடை தரவில்லை. நாயக்கர் ஆங்கிலச் சட்டத்தைக் குறிப்பிட்டது ஒரு கொலை வழக்கில். கடன், பங்கு, சாதி வழக்குகளில் ஊர் வழக்கமே நடந்திருக்க வாய்ப்பு மிகுதி என்பதற்கு மேல் உறுதியாகக் கூறுவதற்கில்லை. சென்னை ஆவணக் காப்பகம் அச்சிட்டுள்ள புனித ஜார்ஜ் கோட்டைப் பதிவுகளில் மேயர் நீதிமன்ற நடவடிக்கைக் குறிப்புகளும் வழக்குரைகளும் உள்ளன. கட்சிக்காரர்களின் பெயர்களையும் வழக்கின் தன்மையையும் கொண்டு அவற்றைப் பகுத்து ஆராய்வோர், 1726-க்கு முன்னும் பின்னும் இந்தியர்கள் எந்த வழக்கை எந்த மன்றத்துக்குக் கொண்டுசென்றனர் என்பதைக் காட்ட இயலும்; அப்பணியைத் தமிழ் ஆய்வாளர்கள் மேற்கொள்ள வேண்டும்.