கரை தொடாத கலங்கள்

புன்னைக்காயல் என்றதும் தமிழன்பர் பலருக்கும் முதலில் நினைவில் எழுவது அச்சுக்கூடமே. அண்டிரிக் அடிகளார் இயற்றிய 'அடியார் வரலாறு' 1586-இல் இவ்வூரில் அச்சேறியதாகக் கருதப்படுகிறது. ஆனால் கடலோரச் சிற்றூர் ஒன்று அத்தகைய பணிக்குரிய இடமானது ஏன் என்று நாம் கேட்பதில்லை. அந்நாளில் அது சிற்றூர் அன்று. போர்த்துக்கேயர் முத்துக்குளித்துறைக்குத் தலைமையிடமாகக் கொண்டிருந்த துறைமுகம். அச்சின் வரலாற்றை எழுதியவர் பலர். துறையின் வரலாற்றைத் தேடுவோர் சிலரே.

துறைமுகம் என்றால் நெடிய மேடையும் பாரந்தூக்கியும் இன்று நம் கண்முன் நிற்கின்றன. பொருநையாற்றின் முகத்தில் அமைந்த பழந்துறைகளை இக்கண்ணோடு தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே கலத்துக்கு வேண்டியிருந்தவை வேறு. மணல்திட்டுகளுக்கு இடையே வழிகாட்டும் ஆள், சரக்கை இறக்கும் சிறுபடகு, குடிநீர், பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைக்கும் 'கலப்பத்து' வேலைக்காரர், நோயுற்ற மாலுமிக்குப் படுக்கை, இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பறிமுதல் அச்சமில்லாத ஆட்சி.

வழிகாட்டுதலை முதலில் எடுத்துக்கொள்வோம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்', நருமதை முகத்துப் பாரிகாசாவைப் பற்றி ஒரு செய்தி கூறுகிறது. அரசன் பணியிலிருந்த உள்ளூர் மீனவர்கள் பெரும்படகுகளில் கடலுக்குள் சென்று, வரும் கப்பல்களை எதிர்கொண்டு, திட்டுகளைத் தவிர்த்து இழுத்து வந்து உரிய இடத்தில் நிறுத்தினராம். கொற்கையைக் குறிப்பிடும் அதே நூல் அங்கு இவ்வழக்கம் இருந்ததாகச் சொல்லவில்லை. எனினும் ஆற்றுமுகத் துறை எங்கிருந்தாலும் அதன் தேவை ஒன்றுதான்: நீரின் ஆழத்தை அறிந்தவன் கரையிலிருந்து வரவேண்டும்.

அடுத்தது ஆட்சியின் காவல். கரையொதுங்கிய கலத்தின் சரக்கை அரசர் கவர்ந்துகொள்வது பல துறைகளில் வழக்கமாக இருந்தது. காகதிய மன்னன் கணபதிதேவன் 1244-45-இல் மோட்டுப்பள்ளியில் பொறித்த கல்வெட்டு, அவ்வழக்கத்தைக் கைவிட்டு உரிய சுங்கம் மட்டுமே பெறுவதாக வணிகர்க்கு உறுதியளிக்கிறது. அந்நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஓர்முசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் காயலைத் தொடுவதையும், அரசன் அயல்வணிகர்பால் காட்டிய நேர்மையையும் பதிந்துள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வாசாஃப் சொல்லும் செய்தி இன்னும் வியப்பானது. குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை. கடற்பயணத்தில் குதிரை மாண்டாலும் அவ்விலை பாண்டியன் கருவூலத்திலிருந்து கொடுக்கப்படும் என்பது உடன்பாடு. இன்று நாம் காப்பீடு என்று சொல்வதை அரசே ஏற்றிருந்தது!

இத்தனை வசதிகளையும் தோற்கடித்தது ஆற்று வண்டல். கொற்கை கடலைவிட்டு விலகியது, காயல் தழைத்தது. காயலும் தூர்ந்து 'பழைய'காயலாயிற்று, புன்னைக்காயல் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்த கால்டுவெல், காயலில் சீனப் பீங்கான் ஓடுகள் சிதறிக்கிடக்கக் கண்டார். அந்த ஓடுகளைச் சுமந்து வந்த கலங்களை எதிர்கொண்டழைத்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிட்டவில்லை.

புன்னைக்காயல் காலத்தில் துறைக்கு ஒரு புதிய ஏற்பாடு சேர்ந்தது. அண்டிரிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கு ஒரு மருத்துவமனையை நிறுவினார். முத்துக்குளிப்பும் கடலோட்டமும் உடலைத் தின்னும் தொழில்கள் என்பதை எண்ணினால் அதன் அருமை விளங்கும். ஆயினும் அந்நூற்றாண்டு முடிவதற்குள் தலைமை தூத்துக்குடிக்குப் பெயர்ந்தது. ஆற்றுமுகத்திலிருந்து விலகி, தீவுகளின் மறைவில் அமைந்த ஊர் அது.

அங்கும் பெருங்கப்பல் கரையைத் தொடவில்லை என்பதே நாம் மறந்துவிடும் உண்மை. 1864-இல் அமைந்த மரப்பாலம் சிறுகலங்களுக்கே உதவியது. நீராவிக் கப்பல்கள் ஐந்தாறு மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். உப்பும் பஞ்சும் பனைநாரும் கருவாடும் தோணிகளில் ஏறி அங்கே செல்லும். நிலக்கரியும் தானியமும் அவற்றிலேயே கரைக்கு வரும். காற்றும் அலையும் அறிந்த 'தண்டல்' ஒருவர் தோணியை நடத்த, அலையில் ஏறி இறங்கும் கப்பலின் பக்கத்தில் தோணியை அணைத்து மூட்டைகளை மாற்றவேண்டும். கயிறு பிசகினால் கை போகும். கால் பிசகினால் உயிர் போகும். நூறாண்டுக்கும் மேலாகத் தூத்துக்குடித் துறைமுகம் என்பது, உண்மையில், இம்மனிதர்களின் தோள்தான். இவ்வுலகைத் தமிழ்ப் புனைவுக்குள் கொண்டுவந்த ஜோ டி குருஸின் 'கொற்கை' 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆவணங்கள் விட்டுச்சென்ற இடத்தை நாவல் நிரப்பவேண்டியிருந்தது.

1974 சூலை 11 அன்று புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அலைதாங்கிச் சுவர்களுக்குள் ஆழ்கப்பல்கள் நேரே மேடையோடு அணைந்தன. நாட்டுக்கு அது பெரும்பேறு, ஐயமில்லை. ஆனால் கப்பலுக்கும் கரைக்கும் இடையே இருந்த அந்த ஐந்தாறு மைல்தான் தோணிக்காரர்களின் வயல். அது சுருங்கியது. எஞ்சிய தோணிகள் இன்று பழைய துறையிலிருந்து மாலத்தீவு போன்ற அண்டைக் கரைகளுக்குச் சரக்கேற்றிச் செல்கின்றன. புதிய துறைமுகத்திலும் கப்பல் தானே உள்ளே நுழைந்துவிடுவதில்லை. வழிகாட்டி ஒருவர் சிறுபடகில் எதிர்சென்று ஏறிய பிறகே அது நகர்கிறது. பாரிகாசா மீனவரின் பணி, உடை மாறித் தொடர்கிறது.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் அன்பர்கள், முக்காணியில் பொருநையைக் கடக்கும்போது கிழக்கே ஒருமுறை நோக்கவேண்டும். அந்நீர் சென்று சேரும் இடத்தில் புன்னைக்காயல் இன்று மீனவர் ஊராக இருக்கிறது. அச்சுக்கூடம் இருந்த ஊர் என்று அதைக் கொண்டாடுவோம். கூடவே, பெயர் தெரியாத படகோட்டிகள் எத்தனையோ கலங்களை எதிர்கொண்டழைத்த துறை என்பதையும் நினைவில் வைப்போம்.